தீ உங்கள் விளக்கில்தான் பிடித்தது

என்ரை இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் என்ன, இப்படியே கூப்பிடுகிறேன். ஒரு விசயம் சொல்லவேண்டும். உங்கள் படத்துக்கு நான் ஏற்றிய விளக்கால் லிட்கமில் இருக்கிற நம் வீட்டின் முன்னறை எரிந்துபோனது. கோபிக்கப் போகிறீர்களா? கோபியுங்கோ. உங்களால் திருப்பிக் கதைக்க முடியாது, என்னால் முடியும்.

நடந்தது இதுதான். வழக்கம்போல விளக்கை ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். யன்னல் திறந்திருந்தது. காற்றுக்கு உங்கள் படத்தில் கிடந்த துணிப்பூ மாலை விளக்கின்மேல் சரிந்திருக்க வேண்டும். புகை அலாரம் கத்த ஓடிவந்து பார்த்தால் யன்னல் சீலை பற்றி எரிகிறது. வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினேன். தீயணைப்புக்காரர் வந்து அணைத்தபோது முன்னறையும் அதற்கு மேலிருந்த கூரையும் போய்விட்டன, மற்ற அறைகளெல்லாம் ஒரே கரி. உங்கள் படமும் போய்விட்டது. அன்றைக்கு நான் அழுதது அதற்குத்தான், கூரைக்கு இல்லை.

உங்கள் தம்பி குகன் வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கதிரையில் அழுதுகொண்டு இருக்க, அவரே காப்புறுதிக் கொம்பனிக்குப் போன் எடுத்தார். நல்ல மனம்தான். ஆனால் என்ன சொன்னார் தெரியுமா? வயரிங் பிழைத்துத் தீப்பிடித்தது என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, விளக்கெண்டு வாய் திறக்காதேங்கோ. கவலையீனம் எண்டு ஒரு சதமும் தரமாட்டாங்கள்."

எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். கோயிலில் சந்தித்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதிசயம் பாருங்கோ.

பிறகு கொம்பனி அனுப்பிய தீ விசாரணைக்காரர் வந்தார். சுவரில் கரி ஏறியிருந்த விதத்தைப் பார்த்தே, தீ தொடங்கியது உங்கள் படம் வைத்திருந்த மேசையில் என்று கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சுவருக்குள் வயரே இல்லையாம்! கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. சொன்னதும் கண்டதும் பொருந்தவில்லை, நேரில் வந்து பதில் சொல்லுங்கள், அதுவரை திருத்தவேலை எதுவும் தொடங்காது என்று இருந்தது.

ட்ருகனினாவிலிருந்து நம் மகள் நிலா போன் எடுத்தாள். "அம்மா, ஜஸ்ட் செல் இட். எங்களோட வந்து இருங்கோ."

கரிந்த வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, மெல்பேர்ணில் அவளுடைய வீட்டுப் பின்னறையில் நான் மிச்சக் காலத்தைக் கழிக்கவேண்டுமாம். நீங்கள் இரவு வேலை, நான் பகல் வேலை என்று ஆளையாள் பார்க்காமல் உழைத்து வாங்கிய வீடு. அதை நான் ஏன் விடவேண்டும்? "விக்கிறதுக்கு இல்லை. முதல்ல அந்தக் காப்புறுதிப் பொலிசியை வாசிச்சுச் சொல்லு" என்றேன்.

வாசித்தாள். "அம்மா, கெயார்லெஸ்ஸா இருந்தாலும் இந்த ஃபயர் கவர் ஆகுது. லை பண்ணினாத்தான் பிரச்சினை."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதேங்கோ. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பயத்தில் சொன்ன பொய்தான் வீட்டைப் பறிக்கப் பார்த்தது.

உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் குகன் தலையில் கைவைத்தார். "இப்ப மாத்திச் சொன்னா எங்களைக் கள்ளர் எண்டு முடிவெடுப்பாங்கள். ஒரே கதையில நில்லுங்கோ அண்ணி."

"அது உங்கட கதை தம்பி. நான் நிக்கமாட்டன்."

பரமட்டாவில் இருக்கிற கொம்பனி அலுவலகத்துக்குப் போனேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இத்தனை வருசமாக எல்லா இடத்திலும் விளங்கியதுபோலத் தலையாட்டிக்கொண்டு திரிந்தோமே, ஏன்? வந்தவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண். "நீங்க சொல்றத அப்படியே சொல்றேம்மா, பயப்படாதீங்க" என்றார். எனக்கென்ன பயம்.

தீப்பிடித்தபோது முன்னறையில் யார் இருந்தது என்று கேட்டார்கள்.

"என்ரை மனுசன்" என்றேன்.

அந்தப் பெண் மொழிபெயர்க்காமல் என் பக்கம் திரும்பினார். "படத்தச் சொல்றீங்களாம்மா?"

"ஓம், படம்தான். ஆனா நான் சொன்னபடியே சொல்லுங்கோ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வயரிங் என்றது பொய், அதைத் திருப்பி எடுக்கிறேன், விளக்கேற்றியது நான்தான், ஏற்றியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்படியும், முதலில் பொய் சொன்னதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். விட்டேனா? நான் சொல்லச் சொல்ல நிலா முறைப்பாடு எழுதினாள். கொம்பனி முடிவு எடுக்க முன்னரே நானாக வாய் திறந்து பிழையைத் திருத்தியிருக்கிறேன். விளக்குத் தீயும் பொலிசியில் இருக்கும்போது அந்தப் பொய்யால் எங்களுக்கு ஒரு இலாபமும் இல்லை. திரும்பவும் மறுத்தால், இப்படியான பிணக்குகளை விசாரிக்கும் வெளி அமைப்புக்குப் போவேன், அதற்குக் கட்டணமும் இல்லை. இவ்வளவும் எழுதினோம். மேலிடத்தில் வேறொருவர் பார்த்தார், ஏற்றுக்கொண்டார்கள். வீட்டைத் திருத்தித் தந்தார்கள். அது பிச்சை இல்லை, நாங்கள் காசு கட்டி வைத்திருந்த உரிமை.

போன கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்னறையெல்லாம் பெயின்ற் மணம். குகன் ஒரு பற்றரி விளக்கு வாங்கிவந்தார், பாவம். அதைக் குளியலறையில் வைத்திருக்கிறேன். உங்களுக்குப் புதுப் படம் ஒன்று நிலா பெருப்பித்துத் தந்தாள், அவளுடைய கலியாண வீட்டில் எடுத்தது. வாய் நிறையச் சோற்றோடு இருக்கிறீர்கள். இருந்துவிட்டுப் போங்கோ.

உண்மையான விளக்கைத்தான் ஏற்றுகிறேன். இனி மாலை கிடையாது. விளக்கு எரிகிறவரை பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன், அணைத்த பிறகுதான் எழும்புவேன். இது சத்தியம். இந்த வீட்டிலிருந்து என்னைக் கிளப்பத் தீயாலும் முடியவில்லை, கொம்பனியாலும் முடியவில்லை, பெற்ற பிள்ளையாலும் முடியவில்லை. இனி யாராவது கூட்டிக்கொண்டு போவதென்றால் அது நீங்கள்தான். அவசரப்படாதேங்கோ.

உங்கள் மனுசி,
பரமேஸ்வரி