வயிற்று வலி இல்லை

ஜூன் 14, சனி
அம்மா தாசேக் கெலுகோரில், பெரியம்மா வீட்டில். சமையல் என் தலையில். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. அப்பா தண்ணீர் குடித்துக் குடித்தே சாப்பிட்டு முடித்தார். தம்பி குகன் பந்து விளையாடப் போயிருக்கிறான்.

ஜூன் 15, ஞாயிறு
நேற்று குகன் பாதி ஆட்டத்தில் திரும்பி வந்தான். வயிற்று வலி என்றான். அப்பா ஓமத் தண்ணீர் கொடுத்தார். வாந்தி எடுத்தான், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சற்று நேரத்தில் அங்கிருந்தே எனக்கு ஒரு வாட்சப்: "அக்கா, வயிறு இல்ல. கீழ. அப்பாட்ட சொல்லாத."

சொல்லாமல் எப்படி? "கார எடுங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினேன்.

விதைக்கொட்டை முறுக்கிக்கொண்டு ரத்தம் ஓடாமல் நின்றுவிட்டதாம். உடனே ஆபரேஷன். காப்பாற்றிவிட்டார்கள். "இன்னும் லேட்டா வந்திருந்தா எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர்.

அப்பா கட்டிலருகே நின்று, "எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றார்.

"அந்த எடத்த உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா."

அப்பா அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

நான் வயதுக்கு வந்தபோது அம்மா, பெரியம்மா, டீச்சர் — எத்தனை பேர் சொல்லித் தந்தார்கள்! பதினைந்து வயசு இவனுக்கு. யார் சொன்னா? ஒருத்தரும் இல்லையே.

ஜூன் 18
குகன் வீடு வந்தாயிற்று. ஐஸ் கச்சாங் வேணுமாம்; துருவிய ஐஸுக்கு அப்படி ஓர் ஆசை.

ஜூன் 29, ஞாயிறு
வார்டில் குகனைக் கவனித்துக்கொண்டவர் சாஹித் என்ற ஆண் நர்ஸ். பையன்களுக்கு இதைப் பற்றிப் பேச வர முடியுமா என்று அப்பா அவரிடம் கேட்டிருக்கிறார். அப்பாவா!

கோயில் மண்டபம் கேட்கப் போனோம். தலைவர் சற்குணம் மறுத்துவிட்டார். "சாமி இருக்கிற எடத்துல இதெல்லாமா? பையனுங்க கெட்டுப் போயிடுவாங்க லா."

அப்பா குரலை உயர்த்தவில்லை. "எம்பையன் ஒன்னும் தெரியாததாலதாண்ணே கெட இருந்தான்."

ஜூலை 12, சனி
பையன்களுக்கான கூட்டம் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. நானும் அம்மாவும் அடுப்படியில். முதலில் ஒரே சிரிப்பு. சாஹித் அண்ணன் அது அடங்கும்வரை காத்திருந்தார். வலித்தால் மறைக்காதீர்கள் என்றார். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல, அதனால் உடம்பு தேயாது என்றார்.

"அப்ப எனக்கு ஒன்னும் இல்லையாண்ணே?" என்றது ஒரு குரல். எத்தனை நாள் பயமோ, பாவம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 26, சனி
இரண்டாவது கூட்டம். சற்குணம் தன் மகனை அழைத்து வந்தார். "நான் வெளியவே நிக்கிறேம்மா" என்றார்.

தேநீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளே, பையன்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் கையைத் தூக்கி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.