தண்ணீரை வடிக்க வந்தவன்

கூசமோ, ஜனவரி

என் கிழவனுக்கு,

இங்கே மைனஸ் முப்பத்தெட்டு. ஆனாலும் குழாய் எதுவும் உறையவில்லை. குழாய்க்குச் சூடு படட்டும் என்று சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்தே வைத்திருக்கிறேன். டேப்பில் நூலளவு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. விறகடுப்பை அணையவிடவில்லை.

நேற்று பிளம்பர் உர்போ வந்தான். நம் மகள் மார்க்கெத்தா அனுப்பினாளாம்.

"குழாய்த் தண்ணிய வடிச்சிட்டு ஹீட்டர அணைச்சிட்டா, குழாய் உறைஞ்சு வெடிக்காது, வசந்தம் வரைக்கும் வீடு நிம்மதியா தூங்கும்க்கா. நீங்களும் பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்."

"நான் முழிச்சிருக்கேன், வீடு எப்படிப்பா தூங்கும்? காபி குடிச்சிட்டுக் கிளம்பு."

"இல்லக்கா, அவரு திரும்பி வர்றது..." என்று இழுத்தான். ஏலக்காய் பன்னை நீட்டினேன். வாங்கிக் கடித்துக்கொண்டான். கிளம்புமுன் சானா நீராவிக் குளியலறைக் குழாய்க்குத் தானாகவே கம்பளி சுற்றிவிட்டுப் போனான்.

நீ படுத்திருக்கும் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார் என்று மார்க்கெத்தாவிடம் நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்ல வந்தபோது, விறகு எடுக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

இந்த மண்ணைத் தோண்டிக் குழாய் போட்டவன் நீ. அதில் தண்ணீரை நிறுத்த வேண்டுமானால், எழுந்து வந்து நீயே நிறுத்து. அதுவரை ஓடும்.

வீட்டில் இருப்பவள்