இரண்டு மூடி வைத்த டேங்க்

காலடிப்பேட்டை,
11.2.2007

அன்புத் தோஸ்து ஃபர்ஹானுக்கு,

டில்லிபாபு எழுதுகிறேன். அம்மா சுகம். போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கும் போய் வந்தேன். அத்தாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஜஸீமா எனக்கு டீயும் உனக்குத் திட்டும் கொடுத்தாள். ஷார்ஜா போன ஆளுக்குத் தங்கைக்கு ஒரு கடிதம் போடக்கூடவா நேரமில்லை?

கல்மண்டபத்தில் நம் கடைக்குப் பார்த்துவைத்த இடத்தை நீ வரும்வரை வேறு யாருக்கும் விடுவதில்லை என்று ரஷீது பாய் வாக்குக் கொடுத்துவிட்டார். பெருநாளுக்கு நீ வந்து இறங்கியதும் போர்டு மாட்டிவிடலாம். யார் பெயர் முதலில் என்று அப்போது சண்டை போட்டுக்கொள்ளலாம்.

பட்டறைக்கு ஆள் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவனும் பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரு படத்தோடு வந்து தன் பைக்கை அதுபோல கஃபே ரேசர் ஆக்கித்தர வேண்டும் என்கிறான். எல்லாம் ஒரே படம். ஹேண்டிலைத் தாழ்த்து, ஒற்றை சீட் வை, அதற்குப் பழுப்புத் தோல் போடு, சைலன்ஸருக்கு வெள்ளைத் துணி சுற்று, ஹெட்லைட்டில் கறுப்பு டேப்பால் பெருக்கல் குறி போடு. நேற்று ஒருவனிடம், "அந்த டேப்பு இன்னாத்துக்குபா?" என்று கேட்டேன். "தெர்லண்ணா, படத்துல கீது" என்றான். வந்த வழியே அனுப்பிவிட்டேன். வந்த லட்சுமியை விரட்டுகிறாயே என்று அம்மாவிடம் எனக்கு அர்ச்சனை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் புல்லட்டின் டேங்கை நான் ஏன் அப்படி அடித்தேன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் இடித்ததிலிருந்து உன் இடது முட்டி முழுக்க மடங்காது. அதனால் இடது பக்கம் மட்டும் முட்டி பதியும் பள்ளத்தை முன்னால் இழுத்து ஆழமாக அடித்தேன். அது உன் காலுக்கு அடித்த பள்ளம். போன வாரம் அண்ணா நகரில் ஒரு பெரிய கடை வாசலில் மூன்று வண்டி நிற்கிறது. மூன்றிலும் இடது பக்கம் மட்டும் அதே பள்ளம். "இது எங்க டிசைன் சார்" என்கிறான் கடைக்காரன். அங்கே யாருக்கு முட்டி மடங்காமல் போயிற்று?

உன் வண்டி படுதாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்ததே இல்லை. நீ கிளம்பும்போது நாலு பக்கமும் நிறுத்தி எடுத்த போட்டோ உன்னிடம்தான் இருக்கிறது. அதை யாருக்காவது கொடுத்தாயா? சும்மா கேட்டுவைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன்,
டில்லி

•

ஷார்ஜா,
6.3.2007

என் அன்பு டில்லிக்கு, சலாம்.

கடிதம் கிடைத்தது. ஜஸீமாவுக்கும் இதோடு எழுதிவிட்டேன். அம்மாவை மாத்திரை போடச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டார், நான் சொன்னதாகச் சொல்.

போட்டோ என் பெட்டியில்தான் இருக்கிறது. என் அறையில் இருக்கும் கிருஷ்ணப்பனைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அவன் பொன்னேரிக்காரன், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இங்கே நான் காலையிலிருந்து லாரிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறேன், மறுநாளும் லாரிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறேன். கலர் என்று ஒன்று இருப்பதே அந்தப் போட்டோவைப் பார்த்தால்தான் ஞாபகம் வருகிறது. அதை நான் யாருக்குக் கொடுப்பேன்?

காப்பி அடிக்கிறவன் அடிக்கட்டும் விடு மாமு. அவனுக்குப் பள்ளம் எங்கே என்று தெரியும், ஏன் என்று தெரியாது. அடுத்த வண்டிக்கு அவன் மறுபடியும் நம் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

"வெளியே எடுத்ததே இல்லை" என்று நீயாகவே எதற்கு எழுதினாய்? நான் கேட்கவில்லையே. சும்மா கேட்டுவைக்கிறேன், நீ கேட்டதுபோல.

உன் தோஸ்து,
ஃபர்ஹான்

•

காலடிப்பேட்டை,
22.4.2007

அன்புள்ள ஃபர்ஹானுக்கு,

நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று திருப்பிக் கேட்கிறாய். சரி போகட்டும். உன் சித்தப்பா மகன் அமீருதீன் இப்போது அண்ணா நகரில் வேலை பார்ப்பதாக நேற்றுத்தான் தெரிந்தது. இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அதை விடு. சந்தோஷமான சேதி ஒன்று சொல்கிறேன். புதிதாக ஒரு டேங்க் செய்திருக்கிறேன். போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். மேலே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு மூடி, பார்த்தாயா? உலகத்தில் எவனும் செய்யாத வேலை இது. பட்டறைக்குள்ளேயே வைத்து எடுத்தேன். கல்மண்டபத்தில் நம் அருள்நாதன் அண்ணன் ஸ்டுடியோவில் கழுவினேன், அவரே வாயைப் பிளந்துவிட்டார். நம் கடைக்கு இதுதான் முதல் வண்டி.

உனக்கு மட்டும் அனுப்புகிறேன். யாரிடமும் காட்டாதே. யாரிடமும் என்றால் யாரிடமும்.

டில்லி

•

ஷார்ஜா,
15.5.2007

என் அன்பு டில்லிக்கு, சலாம்.

அமீருதீன் அங்கே ஏசி மெக்கானிக்காகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எனக்கே அத்தா போனில் சொல்லித்தான் தெரியும். அவனுக்கு வண்டியில் பெட்ரோல் போடுவதோடு சரி. உனக்கு ஏன் இந்த யோசனை எல்லாம் வருகிறது? வெயில் அதிகமா அங்கே?

டேங்கைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நீ எதையும் சும்மா அழகுக்கு வைக்கிறவன் இல்லையே, இரண்டாவது மூடி எதற்கு என்று குழம்பினேன். நாலைந்து நாள் வேலையில் இதே நினைப்பு. வேகமாக பெட்ரோல் ஊற்றும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும், அதற்குத்தானே? இல்லையென்றால் உள்ளே தடுப்பு வைத்து ரிசர்வ் பெட்ரோலைத் தனியாகப் பிரித்திருக்கிறாய். இரண்டில் ஒன்று. நான் சொன்னது சரியென்றால் எனக்கு ஒரு பிரியாணி.

யாரிடமும் காட்டாதே என்றாய். ஆறு பேர் படுக்கும் அறையில் எங்கே ஒளித்துவைப்பது? கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டேன். "இன்னாத்துக்கு ரெண்டு மூடி?" என்று கிருஷ்ணப்பன் சிரித்தான். அவனை உட்காரவைத்து விளக்கிச் சொன்னேன். என் பார்ட்னர் செய்தால் காரணம் இல்லாமல் இருக்காது என்றேன்.

பெருநாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
உன் ஃபர்ஹான்

•

காலடிப்பேட்டை,
19.7.2007

ஃபர்ஹானுக்கு,

இன்று அண்ணா நகர் போனேன். அதே கடை, அதே வாசல். புது வண்டி, இரண்டு மூடி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அப்படியே. ஆட்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அடுத்ததும் இதே மாதிரி வேண்டும் என்று இரண்டு பேர் சொல்லிவைத்திருக்கிறார்களாம்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த இரண்டாவது மூடி பொய். அதற்குக் கீழே ஓட்டையே இல்லை. பழைய டேங்க் ஒன்றின்மேல் வெறும் மூடியை வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். போட்டோவை உனக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். இப்போது மாட்டிக்கொண்டாய். காற்று போக வழியாம், ரிசர்வாம், என்னமாய் எழுதினாய்! கட்டிலுக்கு மேலே ஒட்டினவன் இன்னும் எங்கெல்லாம் ஒட்டினாயோ.

எத்தனை நாள் கூடச் சாப்பிட்டோம்? பணத்துக்குச் செய்தாயா, பெருமைக்குச் செய்தாயா என்றுகூடக் கேட்கப்போவதில்லை. கல்மண்டபத்து இடம் வேண்டாம் என்று ரஷீது பாயிடம் சொல்லிவிட்டேன். உன் வண்டியை எடுத்துப்போக உன் வீட்டிலிருந்து ஆள் அனுப்பு. எனக்கு மனசு எரிகிறது.

டில்லிபாபு

•

காலடிப்பேட்டை,
26.8.2007

ஃபர்ஹான்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அது நியாயம்தான். இதையாவது கிழிக்காமல் படி.

அம்மாவுக்கு ரேஷன் கார்டுக்கு போட்டோ எடுக்க அருள்நாதன் அண்ணன் ஸ்டுடியோவுக்கு இன்று கூட்டிப்போனேன். உள்ளே நுழையும்போது அம்மாதான் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "டேய், இது ஃபர்ஹான் வண்டியாச்சே" என்றாள். வாசல் கண்ணாடிப் பெட்டியில் கல்யாண ஜோடிகளுக்கும் காதுகுத்துக் குழந்தைக்கும் நடுவில் உன் புல்லட் நிற்கிறது. இவ்வளவு பெரியதாக. கீழே இரண்டு மூடி டேங்க். அதைவிடப் பெரியது.

நான் கத்திவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா நைனா கத்துற? நல்லா வந்துகீதேன்னு பெர்சு போட்டு மாட்டினேன். அல்லாரும் நின்னு பாத்துகினு போறாங்க. அந்த அண்ணா நகர் கடைக்காரரு ஞாயித்துக்கெழம மீன் வாங்க காசிமேடு வருவாரு. அவரு கேட்டாரு, ரெண்டுத்துலயும் ஒரு காப்பி குட்த்தேன். நம்ம டில்லி வேலைன்னு பெருமையாத்தான்டா சொன்னேன்" என்றார்.

அவர்மேல் தப்பே இல்லை. நல்ல படம் வந்தால் ஸ்டுடியோக்காரர் வாசலில் மாட்டத்தான் மாட்டுவார். நம் பேட்டை முழுக்க அப்படித்தான் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. இரண்டு படத்தையும் அவரிடம்தான் கழுவினோம், எனக்கு அது தோன்றவே இல்லை. உன் பெயர் மட்டும்தான் தோன்றியது.

ஃபர்ஹான், நான் உன்னைத் திருடன் என்று எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. அம்மா என்னோடு பேசவில்லை. ரஷீது பாய் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். உன் பெயரையே முதலில் போடலாம். என் பெயர் இல்லாவிட்டாலும் சரி. ஒரு வரி போடு, திட்டியாவது போடு.

உன் டில்லி

•

ஷார்ஜா,
17.9.2007

அன்புள்ள டில்லிபாபுவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதற்கு அன்றே பதில் எழுதினேன், பிறகு போஸ்ட் செய்யவில்லை. நோன்பு தொடங்கிவிட்டது. கோபத்தில் எதுவும் எழுதக்கூடாது என்று இருக்கிறேன், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அருள்நாதன் அண்ணனை ஒன்றும் சொல்லாதே. அவர் நம் வேலையை ஆசையாகத்தான் மாட்டினார்.

நீ என்னைச் சந்தேகப்பட்டதும் பெரிதில்லை. பொருள் காணாமல் போனால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைத்தான் பார்ப்போம். என் வண்டியை நீ வெளியே எடுத்தாயோ என்று நானும் சந்தேகப்பட்டுக் கேட்டேன், பதிலுக்குப் பதில் ஆயிற்று. நீ என்னை வாய் நிறையத் திட்டி எழுதியிருந்தால், பெருநாளுக்கு வந்து உன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். சாயங்காலம் சேர்ந்து சாப்பிட்டிருப்போம்.

ஆனால் நீ உட்கார்ந்து ஒரு பொய்யைச் செய்தாய். தகரத்தை வெட்டி, பற்றவைத்து, மழமழவென்று தேய்த்து, பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்து, சந்தோஷமான சேதி என்று எழுதி எனக்கு அனுப்பினாய். பார்த்ததும் இது உன் வேலை இல்லை என்று என் கண் சொன்னது டில்லி. பெயின்டர் கண் எனக்கு. அந்தக் கண்ணைத்தான் நான் திட்டினேன். எனக்குத்தான் புரியவில்லை, டில்லி செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று காரணம் தேடினேன். கிடைக்காத காரணத்தை நானே உண்டாக்கி, நாலு பேருக்கு நடுவில் உனக்காக வாதாடினேன். அந்த அண்ணா நகர் கடைக்காரனும் அதைத்தானே செய்தான், எதற்கு என்று தெரியாமலே நம்பினான். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் வைத்தாய் நீ?

இங்கே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கல்மண்டபத்து இடத்தை நீயே எடுத்துக்கொள், உன் பெயரையே போடு. நீ நன்றாக வருவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டியை அமீருதீன் வந்து எடுத்துக்கொள்வான்.

ஜஸீமாவின் நிக்காஹ் டிசம்பரில். நம் விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். மகன் ஊரில் இல்லாத குறைக்கு டில்லி இருக்கிறான் என்று அத்தா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய்விடு. வருகிறவர்களை நீதான் வாசலில் நின்று கூப்பிடவேண்டும். என்னால் வரமுடியாது.

இனி நீ எதைக் காட்டினாலும், இதை எதற்காகச் செய்தான் என்றுதான் முதலில் யோசிப்பேன். அப்படி யோசித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்று என்னால் வேலை செய்ய முடியாது.

இப்படிக்கு,
எஸ். ஃபர்ஹான்