இன்னும் தெளியல

பாலிஷ் வாசனையோடு இன்றும் வீட்டுக்கு வந்துபோகிற என் அண்ணனுக்கு,

சனிக்கிழமை திண்டிவனம் போயிருந்தேன், உன் வீட்டுக்கு. படியில் கால் வைத்ததும் அதே வாசனை. நீ போய் இத்தனை வருஷமாகிறது, பாலிஷ் போட ஒரு முக்காலிகூட அந்த வீட்டில் இல்லை. அது எங்கிருந்து வருகிறது அண்ணா? அண்ணியைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வரல, உனக்குத்தான் மூக்குல கோளாறு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெயில் நன்றாக ஏறிவிட்டது. ஆனாலும் உள்ளே சிமினி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் மகள் வசந்தா வந்து ஊதி அணைத்தாள். "அம்மாவுக்குத் தினம் இதே வேலை அத்தை. பட்டப்பகல்ல ஏத்தி வெச்சிக்கினு கீது. கிருஷ்ணாயில் என்னா சும்மாவா வருது?" என்றாள். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் தோளைவிட்டு இறங்காத அந்த வசந்தாவைத்தான் அன்றைக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் முருகேசன், விக்கிரவாண்டி அரிசி மில்லில் வேலை. கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கூச்சப்படாமல் கேட்டானே, அதிலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ இல்லாத ஊர் ரொம்ப மாறிவிட்டது. சர்க்கார் கொடுத்த அட்டையைக் காட்டி அபின் வாங்கிய கிழவர்கள் போய்விட்டார்கள், அந்தக் கடையும் போய்விட்டது. இப்போது விழுப்புரம் ஜங்ஷனில் பாண்டிச்சேரி வண்டிக்காக வெள்ளைக்காரப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சடைமுடி, காலில் செருப்பில்லை. கையை வாயருகே வைத்து "கஞ்சா, கஞ்சா" என்று கேட்கிறார்கள். "நம்ம பண்டாரம் இஸ்தா கழிசடை, இவனுங்க இஸ்தா ஞானமாம் டீச்சர்!" என்று என்னைத் தெரிந்த போர்ட்டர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். சாராயக்கடை திரும்பத் திறக்கப்போகிறார்கள் என்றும் பேச்சு. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, கோபப்பட்டிருப்பாயா?

நம் அப்பா பனையடியில் உட்கார்ந்து கள் குடித்தவர். குடித்தால் பாட்டு, பாட்டு முடிந்தால் சோறு, அதோடு சரி. நீ மீசை முளைத்து நிமிர்வதற்குள் மதுவிலக்குச் சட்டம் வந்துவிட்டது. அப்பா சட்டத்துக்குப் பயந்து விட்டுவிட்டார். நீ தடையில்லாத பாண்டிச்சேரிக்கு ரயில் ஏறினாய். திரும்பி வரும்போது ஜங்ஷனில் போலீஸ்காரர் "ஊது" என்பாராம். அதற்காகக் கொய்யா இலையை மென்றுகொண்டே இறங்குவாய். ஒருநாள் இலை காப்பாற்றவில்லை. லாக்கப்பிலிருந்து வந்தபின் நீ ரயில் பக்கமே போகவில்லை. மருந்துக் கடையில் போதை ஏற்றுகிற ஜிஞ்சர் டிங்சர் வாங்கினாய், வயிற்றுவலிக்கு என்று. எத்தனை வயிறு அண்ணா உனக்கு?

ஜிஞ்சருக்கும் கெடுபிடி வந்தது. வக்கீல்கள் வீட்டு நாற்காலிகளுக்கு நீ பூசுகிற, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அழுதபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் என்னா பாலிஷையா குடிக்கிறேன் பாப்பா? அரக்கு அடியில தங்கிடும். மேல நிக்கிறது கெணத்துத் தண்ணி மாதிரி. கலங்கல்தான் ஆவாது. தெளிஞ்சதுல ஒண்ணும் ஆவாது."

கலங்கலைக் கொட்டு, தெளிந்ததைக் குடி என்று நமக்குக் கிணற்றடியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் புத்தியை நீ பாலிஷ் டப்பாவிலும் நம்பினாய்.

நீ போன அன்றைக்குக் காலை என்ன நடந்தது என்று அண்ணி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நீ பாயில் எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, இன்னும் விளக்கு வெக்கல?" என்று கேட்டாயாம். வாசல் வெயில் உன் பாய்வரை வந்திருந்தது. கூட இருந்த நம் பெரியப்பா சிரித்தாராம். "இன்னும் தெளியல இவனுக்கு. மோரைக் குடு. தலையில தண்ணிய ஊத்து." ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி சொன்னதற்கு, "போனா போலீசுக்கு எழுதிடுவான். பேஜாரு. தானா தெளியட்டும்" என்றாராம்.

நீ விளக்கு விளக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அண்ணி உன் மனசுக்காகச் சிமினியை ஏற்றி முகத்துக்கு நேரே பிடித்தார். "ஏத்திட்டேங்க, பாருங்க." நீ, "பொய் சொல்லாத" என்றாய். உன் கையைப் பிடித்து விளக்கின் கண்ணாடியில் வைத்தார். நீ கையை இழுத்துக்கொண்டு, "சூடு கீது... வெளிச்சம் எங்கடி?" என்றாய்.

அதற்குப் பிறகுதான் வீடு அலறியது. நான் மத்தியான பாசஞ்சரில் வந்து இறங்கியபோது உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நீ தெளிவாகத்தான் கேட்டாய் அண்ணா. எங்களுக்குத்தான் தெளியவில்லை.

ஊருக்கு விஷக்காய்ச்சல் என்று சொன்னார் பெரியப்பா. வசந்தாவுக்கும் அதுதான் சொல்லி வளர்த்தோம்.

இனி முருகேசனிடம் வருகிறேன். சாப்பிட்டபின் அவன் கைகழுவப் பின்பக்கம் வந்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். "தண்ணி கிண்ணி பழக்கம் உண்டா தம்பி?" என்று சும்மாதான் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான். "பொங்கல், தீபாவளின்னா பசங்களோட கொஞ்சம் டீச்சர். கண்டதையும் தொட மாட்டேன். நல்லா தெளிஞ்சதுதான்."

என் கையிலிருந்த செம்பு விழுந்துவிட்டது. அவனுக்குப் பின்னால், கிணற்றுப் பக்கம், அந்த வாசனை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீ நின்றிருப்பாயோ?

அவர்கள் போனதும் அண்ணி பக்கத்து வீட்டுப் பாத்திரங்களைக் கொடுக்கப் போனார். நான் வசந்தாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்பா கடைசியா என்னா கேட்டாரு அத்தை?" என்றாள். "விளக்கு" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, காலையில் தான் ஊதி அணைத்த சிமினியைப் பார்த்தாள்.

"அம்மா தினம் ஏத்துறது... இதுக்கா? இத்தினி வருஷமா நான்தான் அத்தை அணைச்சிக்கினு இருந்தேன்."

எழுந்துபோய்த் தீக்குச்சி கிழித்தாள். இரண்டு குச்சி வீணாயிற்று. வெயில் குறையாத நேரத்தில் விளக்கு எரிந்தது. அண்ணி திரும்பி வந்து அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். திரியை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டார்.

அண்ணா, வரும் ஞாயிறு நான் விக்கிரவாண்டியில் இறங்கப்போகிறேன். முருகேசனை எதிரில் உட்காரவைத்து, நீ எதைக் குடித்தாய், எதை நம்பினாய், எதைக் கேட்டாய் என்று சொல்வேன். பெரியப்பா குதிக்கட்டும். கேட்டபிறகும் "தெளிஞ்சதுதானே டீச்சர்" என்று அவன் சிரித்தால், கல்யாணம் இல்லை. வசந்தாவும் அதைத்தான் சொன்னாள். விஷக்காய்ச்சல் என்ற பொய்யை இனி என் வாய் சொல்லாது. நீ வாசனையாக வந்துகொண்டே இரு, எனக்குப் பயமில்லை. வரும்போது கொஞ்சம் பார்த்து வா. உன் வீட்டில் பகலிலும் விளக்கு எரியும், இனி யாரும் அணைக்க மாட்டார்கள்.

நீ 'பாப்பா' என்று கூப்பிட்டால் இன்றும் திரும்பிப் பார்க்கிற
உன் தங்கச்சி.