அப்பாவின் கல்லறைக்கு மார்பிள் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு, குவைத்திலிருந்து அமலன். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். குளிருக்காக உடன் தங்கியிருப்பவர்கள் அறைக்குள் கரியடுப்பு மூட்டினார்கள். தூக்கி வெளியே எறிந்துவிட்டேன். கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். அதிலிருந்து அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

ஜெனரேட்டர் புகை அடையும் அறையில் அப்பாவைக் காவலுக்குப் படுக்க வைத்துக் கொன்றவன் அந்தத் திருநள்ளாறு லாட்ஜ் முதலாளி. "மாரடைப்புதாங்க, உடம்ப ஏன் அறுக்கணும்?" என்றான். நம்பி, பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் எரிக்கிறவர்கள் இல்லை, புதைக்கிறவர்கள். அது அவனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. அதனால்தான் தன் செலவில் கல்லறைக்கு மார்பிள் பதிக்கிறேன் என்கிறான்.

வக்கீல் தேவிகாவிடம் பேசினேன். உடலைத் தோண்டிப் பரிசோதிக்க தாசில்தாரிடம் மனு கொடுக்கலாமாம். புகையின் நஞ்சு தெரிந்தால் கிரிமினல் வழக்கு. இழப்பீடு அப்புறம், முதலில் அவன் கூண்டில் நிற்க வேண்டும். மனுவில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைக்காதீர்கள். அவர் குரல் உங்கள் போனில் எங்காவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மார்பிள்காரன் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அப்பா மேல் வெறும் மண் மட்டும் இருக்கட்டும். தோண்டச் சுலபம்.

அமலன்