மணமேடையில் ஒப்பாரி

தை 14, வியாழன்.

என் மனைவி தன் தாய்க்காகப் பாடிய ஒப்பாரியை ஒரு பிரெஞ்சு நடிகர் திருடிக் காதல் பாட்டாக்கிவிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படமெடுத்தபோது நடிக்க வந்தவர், நாங்கள் குடியிருந்த லயத்தில் இழவு வீட்டு வாசலில் நின்று கேட்டார். அந்த மெட்டால்தான் பாடகராகவும் பெயரெடுத்தார். இப்போது அவரும் இல்லை, அவளும் இல்லை.

இன்று, கல்யாணம் நிச்சயமான மகள் தவமணி அந்தப் பாட்டைப் போனில் போட்டாள்.

"அப்பா, ஹட்டன் மண்டபத்துல மாலை மாத்தறப்ப இதத்தான் போடப்போறோம்."

"இழவுப் பாட்டுடி அது."

"வெள்ளக்காரன் பாட்டுப்பா! உங்களுக்கு எல்லாமே இழவுதான்."

பாட்டில் அந்தப் பிரெஞ்சுக்காரர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் என் மனைவியின் விம்மல் கேட்கிறது.

தவமணி அந்தப் பாட்டை நீக்க வேண்டும். மாப்பிள்ளை வேறு பாட்டுக்குச் சொல்ல வேண்டும். அது அவளைப் பெற்றவளின் அழுகை என்று, இத்தனை வருடம் வாய் திறக்காத நான், விடிந்ததும் சொல்ல வேண்டும்.