கோலம் கலையாமல்

சேலையூர்,
மார்கழி 27

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

டாக்டர் உங்கள் காலைப் பற்றிச் சொன்னதை, ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் தம்பி வந்து சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

கார்த்திகை மழையில் உங்கள் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறினேன். தினமும் விழுந்தேன். மார்கழி பிறந்ததும் தெரு முழுக்கக் கோலம். "இன்னாம்மா, பூசணிப்பூவை நசுக்கிட்டியே!" என்று எதிர்வீட்டுக் கங்கையம்மாள் கத்தினாள். மறுநாளும் அதே தெருவில்தான் ஓட்டினேன். இன்று எல்லாக் கோலங்களுக்கும் நடுவே வளைந்து போனேன்; ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. கங்கையம்மாளே கைதட்டினாள்.

பொங்கலன்று தாம்பரத்தில் நம் சர்க்கஸ் தொடங்குகிறது. உங்கள் ஆட்டத்தை நான் ஆடுகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

சீட் மட்டும் எனக்கு உயரம். "சீட்டுக் குழாயை அறுத்துட்டா, உயரம் பத்தாம அண்ணன் திரும்ப ஓட்ட முடியாதும்மா" என்றார் மெக்கானிக்.

"அறுங்க" என்றேன்.

உங்கள் பிடிவாதக்காரி